கொக்குமடையார் ஐந்து பக்கம் எழுதிய கதை

கொக்குமடைக்காரர்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், கீழமடையில், சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். இருபத்தெட்டு வருஷமாக அக்கரையில் நடப்பதைப் பார்த்துக்கொண்டேதான் பஞ்சர் ஒட்டுகிறேன். அவர்கள் முட்டாள்கள் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். உலகத்தில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை என்பதால் பார்க்கிறவர்களுக்கு ஒரு மாதிரியாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

எங்கள் கரைக்கும் அவர்கள் கரைக்கும் நடுவே பாலம் என்று இருந்தது இரண்டு பனந்தடி. பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். ஆண்கள் நடந்து பழகிவிட்டார்கள். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு கடப்பார்கள்.

என் கடைக்கு அடுத்த கடையில் தையல் மிஷின் போட்டிருந்தவள் கனியம்மாள். அக்கரையில் வாழைத்தோட்டம் வைத்திருந்தவன் ஆவுடையப்பன். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வாழைக்காரன் வாரம் ஒரு சட்டை தைக்கக் கொடுத்தால் ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? கடைசியில் கனியம்மாளே பேச்சை எடுத்துவிட்டாள்.

"எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. உங்க ஊருக்கு வார வழிதான் புடிக்கல. தைக்குள்ள ஒழுங்கா ஒரு பாலம் வரட்டும், வாரேன். இல்லேன்னா எங்க அய்யா வேற எடம் பாத்துருவாக. பெறவு என்னயச் சொல்லக் கூடாது."

ஆவுடையப்பன் அன்றைக்குப் பனந்தடியில் அழுதுகொண்டே போனதை நான் பார்த்தேன். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இந்த நிலைமையில்தான் தாலுகா ஆபீஸிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. ஊரில் உள்ள ஒரு குறையை, ஐந்து நிமிஷக் குறும்படத்துக்கான திரைக்கதையாக, ஐந்து பக்கத்தில் எழுதித் தரவேண்டும். எந்தக் கதை ஜெயிக்கிறதோ, அந்த ஊரின் குறையை உடனே தீர்த்து வைப்பார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குத் தாலுகா ஆபீஸ் மாடியில் இரண்டு நாள் வகுப்பும் உண்டு.

கொக்குமடையிலிருந்து நான்கு பேர் கிளம்பினார்கள். தலைமை, மாவு மில் வைத்திருந்த கோமதிநாயகம் அண்ணாச்சி. பேனா அவரிடம் இருந்தது. கைக்கடிகாரம் இருந்ததால் சொரிமுத்து. கேமரா போன் இருந்ததால் பண்டாரம். மனசில் வலி இருந்ததால் ஆவுடையப்பன்.

பாடம் எடுத்தது பிளாரன்ஸ் டீச்சர். சென்னையில் குறும்படங்கள் எடுத்தவர், நல்ல பொறுமைசாலி. முதல் நாள் முழுக்க அழகாகச் சொல்லிக்கொடுத்தார். ஒரு பக்கம் எழுதினால் திரையில் ஒரு நிமிஷம் ஓடும். கேமராவுக்குத் தெரிவதை மட்டும் எழுத வேண்டும், மனசுக்குள் இருப்பதை எழுதக்கூடாது. ஒவ்வொரு காட்சிக்கும் மேலே உள்ளேயா வெளியேயா, எந்த இடம், பகலா இரவா என்று தலைப்புப் போட வேண்டும். நாயகன் ஒன்றை விரும்ப வேண்டும், அதற்குக் குறுக்கே ஒரு தடை நிற்க வேண்டும். அவன் மூன்று தடவை முயற்சி செய்ய வேண்டும், ஒவ்வொரு தடவையும் தடை பெரிதாக வேண்டும். நான்கு பேரும் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார்கள். நடுவில் டீச்சர் ஃபேனைக் குறைக்கச் சொன்னதையும் எழுதிக்கொண்டார்கள்.

சாயங்காலம் முடிக்கும்போது டீச்சர் கடைசியாக ஒன்று சொன்னார்.

"ஒரு காட்சிக்குள்ள எப்பவும் தாமதமா நுழையணும். சீக்கிரமா வெளிய வந்துடணும். இதை மறக்கவே கூடாது."

அவர்கள் மறக்கவில்லை. மறுநாள் பத்து மணி வகுப்புக்குப் பன்னிரண்டரைக்கு வந்தார்கள். பத்து நிமிஷம் உட்கார்ந்தார்கள். எழுந்து போய்விட்டார்கள். இந்த விதியெல்லாம் காகிதத்தில் எழுதும்போது மட்டும்தான், வாழ்க்கைக்கு இல்லை என்று டீச்சர் விளக்கியது ஒரு மணிக்கு.

ஊருக்குத் திரும்பியதும் வேலையை ஆரம்பித்தார்கள். கதை சுலபமாக அமைந்தது. நாயகன் ஆவுடையப்பன். வீட்டிலிருந்து கிளம்புகிறான், வாய்க்காலுக்கு வருகிறான், கடக்கக் கஷ்டப்படுகிறான். சொரிமுத்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார்.

"வீட்டுல இருந்து வாய்க்காலுக்குப் பன்னெண்டு நிமிஷம், அண்ணாச்சி."

"அப்பம் பன்னெண்டு பக்கம்லா ஆவுது! நமக்குக் குடுத்ததே அஞ்சு பக்கம். எல, ஓடி வாயேன்."

ஆவுடையப்பன் ஓடினான். ஐந்து நிமிஷம் நாற்பது வினாடி. செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினான். ஐந்து நிமிஷம் பத்து வினாடி. வாய்க்காலுக்கு வருவதற்குள் படம் முடிந்துவிடுகிறது.

"வீட்ட வாய்க்கால் பக்கத்துல மாத்திக் கெட்டிருவமா?" என்றார் பண்டாரம்.

எல்லோரும் யோசித்தார்கள். கொஞ்ச நேரம் உண்மையிலேயே யோசித்தார்கள். தைக்குள் வீடு கட்டி முடியாது என்பதால் மட்டும் அதை விட்டுவிட்டு, கதையை வாய்க்கால் கரையிலேயே தொடங்குவது என்று முடிவானது.

அதற்குள் ஊரே பக்கக் கணக்குக்கு மாறிவிட்டது. ஆவுடையப்பனின் அம்மா பொன்னுத்தாயி முட்டை அவித்தால் எட்டுப் பக்கம். சோறு வடிக்க இருபத்தைந்து பக்கம். பஸ் எப்போது வரும் என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டு, "ஒரு கொயர் நோட்டு ஆவும்" என்ற பதிலை வாங்கிக்கொண்டேன்.

அடுத்தது கேமரா. அதற்குத் தெரிவதைத்தானே எழுத வேண்டும்? பண்டாரம் ஒரு முக்காலியின் மேல் போனை நிறுத்தினார். அது எதைப் பார்க்கிறதோ அதை எழுதுவதற்காக மூன்று பேரும் பின்னால் உட்கார்ந்தார்கள். போனுக்கு எதிரே பண்டாரத்தின் மாட்டுக்கொட்டகை. அதன் வாசலில் ஓர் ஆடு நின்றது. முன்னங்கால் இரண்டும் கொட்டகைக்குள். பின்னங்கால் இரண்டும் வெளியே.

கோமதிநாயகம் பேனாவைத் திறந்தார். மூடினார்.

"தலைப்பு போடணும். இது உள்ளயா, வெளியயா?"

"ரெண்டு காலு உள்ள கெடக்கு. உள்ளன்னு போடுங்க."

"ரெண்டு காலு வெளிய கெடக்கே வே."

"தலை உள்ள இருக்கு. தலைதான முக்கியம்?"

"வாலு வெளிய இருக்கு. தலைக்கு வாலு சரியாப் போச்சு. வயிறு எங்க இருக்குன்னு பாரும்."

சொரிமுத்து ஒரு முழக்கயிறு எடுத்துவந்து ஆட்டின் வயிற்றை அளந்தார். நிலைப்படி சரியாக நடு வயிற்றில் இருந்தது. ஆட்டைத் தள்ளலாம் என்று ஆவுடையப்பன் சொன்னதற்கு, கேமராவுக்குத் தெரிவதை மாற்றுவது பொய் எழுதுவதற்குச் சமம் என்று அண்ணாச்சி கண்டித்தார். நூற்றிருபது பக்க நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் ஆடே ஒரு முடிவுக்கு வந்து, முழுசாக வெளியே வந்து, கோமதிநாயகத்தின் மடியிலிருந்த தாளைத் தின்றுவிட்டது.

சொரிமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். "நம்ம படத்துல மொத நிமிஷத்த ஆடு தின்னுட்டு" என்றார்.

இதற்கு நடுவே ஆவுடையப்பனுக்கு வேறு சிக்கல். மனசுக்குள் இருப்பதைக் கேமரா பார்க்காது. பார்க்காததைச் சொல்லக்கூடாது. ஆகவே கனியம்மாளிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். தையல் கடை முன்னால் வந்து நின்று, நெஞ்சில் கை வைத்தான். வாய்க்கால் பக்கம் கை காட்டினான். இரண்டு கையையும் கோத்துப் பாலம் மாதிரி பிடித்தான். பிறகு தரையில் மண்டியிட்டான். அவள் பதறிப்போய் உள்ளே ஓடி, ஓமத்திரவம் கலக்கி எடுத்து வந்தாள். அவன் குடித்தான். மறுநாளும் வந்தான். மறுநாளும் குடித்தான். அந்த வாரம் முழுக்க அவன் காதல் ஓமத்திரவமாகவே உள்ளே போனது.

"அண்ணாச்சி, இவுகளுக்கு வயித்துல ஏதோ பெரிய வியாதி போலுக்கே" என்று அவள் என்னிடம் கண் கலங்கினாள். பிள்ளை உண்மையாகவே பயந்துவிட்டாள். அப்படியெல்லாம் இல்லை, கதை எழுதுகிறான் என்றேன். அதைக் கேட்டு அவள் இன்னும் பயந்தாள்.

கதை கொடுக்கக் கடைசி நாள் வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் தாலுகா ஆபீஸில் இருக்க வேண்டும். பாக்கி இருந்தது முக்கியமான இடம், தடை. ஐப்பசி மாசம், நல்ல மழை பெய்து வாய்க்காலில் நெஞ்சு மட்டத்துக்குத் தண்ணீர் ஓடியது. நான் ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கரையில் நான்கு பேரும் பனந்தடிப் பக்கம் கூடினார்கள்.

"மொத முயற்சி. நடல" என்றார் கோமதிநாயகம்.

ஆவுடையப்பன் பனந்தடியில் நடந்து இக்கரைக்கு வந்தான். திரும்பிப் போனான். பிறந்ததிலிருந்து நடக்கிற வழி, காலுக்குக் கண் உண்டு.

"கஷ்டமா இருந்துச்சால?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்பம் தடை போதாது. ஒரு தடிய எடுங்க."

கயிற்றை அவிழ்த்தார்கள். ஒரு பனந்தடியை உருட்டித் தண்ணீரில் விட்டார்கள். அது கிழக்கே பார்த்துப் போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைத் தடியில் ஆவுடையப்பன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான், போனான்.

"இப்பம்?"

"கொஞ்சம் ஆடுது. ஆனா வந்துரலாம்."

"மூணாவது தடவ தடை இதவிடப் பெருசாவணுமே" என்று பண்டாரம் குறிப்பைப் பார்த்துச் சொன்னார்.

நான் இங்கிருந்து கத்தினேன். டியூபை வீசிவிட்டு எழுந்து நின்று கத்தினேன். கோமதிநாயகம் என்னைப் பார்த்து அன்பாகக் கை அசைத்தார். இரண்டாவது பனந்தடியும் கிழக்கே போனது.

நான்கு பேரும் கரையில் நின்று வாய்க்காலைப் பார்த்தார்கள். இப்போது தடையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கோமதிநாயகம் நிம்மதியாக ஐந்தாவது பக்கத்தை எழுதி முடித்தார். சொரிமுத்து மணி பார்த்தார், மூன்றே முக்கால். தாலுகா ஆபீஸ் இக்கரையில் இருக்கிறது என்ற விஷயம் அப்போதுதான் பண்டாரத்துக்கு ஞாபகம் வந்தது.

வேட்டியை அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டு, அதற்குள் கதையை வைத்துக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கடந்து வந்தார்கள். கதை நனையவில்லை. தொப்பலாக என் கடை முன்னால் கரையேறியவர்களை, சீக்கிரம் போங்கள் என்று விரட்டினேன். அவர்கள் அவசரப்படவில்லை. பஸ் ஸ்டாண்டில் வேண்டுமென்றே இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டார்கள். தாமதமாக அல்லவா நுழைய வேண்டும்?

அதற்குப் பிறகு நடந்ததை பிளாரன்ஸ் டீச்சர் என்னிடம் சொன்னார். ஐந்து இருபதுக்குப் போயிருக்கிறார்கள். இவர்கள் வருவார்கள் என்று அவர் கதவைப் பூட்டாமல் காத்திருந்திருக்கிறார். நான்கு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வணக்கம் சொன்னார்கள். டீச்சர் ரிஜிஸ்தரைத் திறந்து, பேனாவை எடுத்து, கதைக்காகக் கையை நீட்டும்போது, சீக்கிரமாக எழுந்து வெளியே வந்துவிட்டார்கள். கதையோடு.

மறுநாள் காலை ஒரு ஜீப் என் கடை முன்னால் வந்து நின்றது. டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. மழைச் சேதம் பார்க்கக் கிளம்பிய பெரிய அதிகாரியின் வண்டியில் தொற்றிக்கொண்டு, கதையைக் கையோடு வாங்கிப்போக வந்திருந்தார். அதிகாரி இறங்கி வாய்க்காலைப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"பாலம் எங்கே?"

அக்கரையில் நான்கு பேரும் நின்றார்கள். டீச்சர் கையைக் குவித்து, "எப்படிக் கடக்குறீங்கன்னு சார் கேக்கிறார்" என்று கத்தினார்.

டீச்சர் சொன்னால் சும்மாவா? நான்கு பேரும் வாயைத் திறக்கவில்லை. செய்து காட்டினார்கள். ராத்திரி பெய்த மழையில் தண்ணீர் இன்னும் ஏறியிருந்தது. கோமதிநாயகம் முன்னால் இறங்கினார். இடுப்பு போனது, நெஞ்சு போனது, மீசை போனது. நட்டநடு வாய்க்காலில் ஐந்து தாளைப் பிடித்த ஒரு கை மட்டும் தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை. கடைக்குள்ளிருந்து ஓடிவந்த கனியம்மாள், "ஐயோ, அவுக!" என்று அலறினாள். நானும் அதிகாரியின் டிரைவரும் கயிற்றை வீசி ஒவ்வொருவராக இழுத்துப் போட்டோம்.

கோமதிநாயகம் வாயிலிருந்து தண்ணீரைத் துப்பிவிட்டு, கதையை அதிகாரியிடம் பணிவாக நீட்டினார். மை முழுக்கக் கரைந்துபோய்விட்டது. ஐந்து வெறும் தாள். அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஐந்தாவது பக்கத்தில் அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"இதுக்கு மேல என்ன எழுதணும்?" என்றார்.

ஜீப் பானட்டின் மேல் வைத்தே பாலத்துக்கு உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். இங்கே முன்பு என்ன இருந்தது என்று என்னிடம் கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன். அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. எனக்கும் அந்தப் பாலத்தில் சைக்கிள் ஓட்டிப் போக ஆசை இருந்தது.

மார்கழி முடிவதற்குள் பாலம் வந்துவிட்டது. கம்பி போட்டு, சிமெண்டு பூசி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த நல்ல பாலம். கடக்க அரைப் பக்கம்கூட ஆவதில்லை.

தையில் கல்யாணம், எங்கள் கரையில். முகூர்த்தம் ஒன்பது மணிக்கு. கனியம்மாள் விவரமானவள், மாப்பிள்ளை வீட்டுக்கு ஏழு மணி என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அவர்கள் விதிப்படி தாமதமாக, மிகச் சரியாக எட்டே முக்காலுக்கு வந்து சேர்ந்தார்கள். சீக்கிரம் வெளியேறிவிடக் கூடாது என்று அவன் வேட்டி நுனியைத் தன் முந்தானையோடு ஐயர் வருவதற்கு முன்பே முடிந்து வைத்துக்கொண்டாள். மூன்று முடிச்சும் விழும்வரை எனக்கு உயிர் இல்லை. விழுந்தது.

மேளம் முன்னால் போக, பெண்ணும் மாப்பிள்ளையும் பாலத்தைக் கடந்தார்கள். சேலை நனையாமல், நிமிர்ந்து நடந்து போனாள் அந்தப் பிள்ளை. பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆவுடையப்பன் வீட்டு வாசலில் பொன்னுத்தாயி ஆரத்தி எடுத்தாள். வாசலைக் கூட்டம் அடைத்து நின்றதால், அதைத் தெருவில் ஊற்றக் கொல்லைவழியாகச் சுற்றிப் போனாள். கனியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துவிட்டு, குனிந்து, வலது காலை எடுத்து நிலைப்படிக்கு உள்ளே வைத்தாள்.

"நில்லும்மா!" என்று கோமதிநாயகம் கத்தினார்.

அவள் அப்படியே நின்றாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புது மாப்பிள்ளையின் முகம்கூட யோசனையில் இறுகிவிட்டது.

"இது உள்ளயா, வெளியயா?"

"ஒரு காலு உள்ள கெடக்கு."

"ஒரு காலு வெளிய கெடக்கு. தலை எங்க இருக்குன்னு பாரும்."

"ஆட்டுக்கு வயித்த அளந்தம்லா? அந்தக் கயிறு எங்க?"

மேளக்காரர்கள் வாசித்து ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். பத்துப் பக்கம் போனது. இருபது பக்கம் போனது. சொரிமுத்து கயிற்றோடு கிட்டே வந்தபோது கனியம்மாள் நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சி, தலைப்ப நான் சொல்லுதேன். எழுதிக்கிடுங்க. உள்ளே, வீடு, பகல். கனியம்மா மட்டும். வெளியே, தெரு, பகல். நீங்க நாலு பேரும்."

இரண்டாவது காலையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தெருவில் நான்கு பேருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. எவ்வளவு தெளிவான தலைப்பு! கோமதிநாயகம் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆவுடையப்பன் மெதுவாகச் சொன்னான்.

"அண்ணாச்சி, நான் உள்ள போவணும்."

பேனா நின்றது.

"எல, என்ன சொன்ன? நாயகன் ஒண்ண விரும்புதான்! குறுக்க கதவு நிக்கி! மக்கா, அடுத்த கதை கெடச்சிட்டுல!"

ஆவுடையப்பன் முதல் முயற்சியாகக் கதவில் கை வைத்தான். அது திறந்துகொண்டது. கனியம்மாள் தாழ் போடவே இல்லை. அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, கதவை மறுபடியும் சாத்திவிட்டு வந்தான்.

"தடை போதாது அண்ணாச்சி."

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்று கோமதிநாயகம் தன் மாவு மில் பூட்டைக் கொண்டுவரச் சொல்லி, கதவை வெளியிலிருந்து பூட்டினார். பிறகு நான்கு பேரும் மேளத்தோடு வாய்க்கால்வரை போய், புதுப் பாலத்தின் நட்டநடுவில் நின்று, சாவியைத் தண்ணீரில் எறிந்தார்கள்.